வீடு வேறு, காற்று அதே

ஹாவர்த் கிராமத்துக்கு வருகிறவர்களில் பலர், ப்ரான்டே குடும்பம் வாழ்ந்த பாதிரியார் இல்லத்தைச் சுற்றிப் பார்த்து, கல் பாவிய சரிவுத் தெருவில் ஒரு தேநீர் குடித்ததும் திரும்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், அந்த அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் போதும். மீதிப் பகலை மேற்கே கிடக்கும் மூருக்குக் கொடுங்கள் என்பேன். எமிலி ப்ரான்டே 'வுதரிங் ஹைட்ஸ்' நாவலுக்கான சரக்கைச் சேர்த்தது அங்கேதான்.

மூர் என்பது வடக்கு இங்கிலாந்தின் மரமற்ற மேட்டுநிலம். அடியில் மணற்பாறை, அதன்மேல் பீட் என்னும் கறுப்பு மண். செத்த பாசியும் புல்லும் ஓயாத ஈரத்தில் முழுக்க மட்காமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் படிந்து உண்டானது. கால் வைத்தால் நீர் ஊறிய மெத்தைபோல அமுங்கும். ஆகஸ்டில் ஹெதர் பூத்து மேடெல்லாம் ஊதாவாகிவிடும். மற்ற மாதங்களில் பழுப்புதான்.

இந்த மண் சாதுவானதல்ல. 1824 செப்டம்பர் 2 அன்று, கனமழையில் குரோ ஹில் சதுப்பு உடைந்து சேறும் பாறையுமாகப் பெருக்கெடுத்தது. அப்போது ஆறு வயது எமிலியும், அண்ணன் பிரான்வெல்லும், தங்கை ஆனும் மூரில் உலவப் போயிருந்தார்கள், தப்பினார்கள். தந்தை பேட்ரிக் அதை நிலநடுக்கம் என்றே நம்பி, தேவாலயத்தில் பிரசங்கம் செய்தார்.

ஹாவர்த்திலிருந்து மூருக்குள் போகும் பாதை முதலில் ஓர் அருவிக்குப் போகிறது. கோடையில் அது வெறும் ஒழுக்குதான், பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். கீழே ஓடையின் கல்பாலத்தை 1989 வெள்ளம் அடித்துப்போக, மறு ஆண்டே திரும்பக் கட்டினார்கள். வழிகாட்டிப் பலகைகளில் ஜப்பானிய எழுத்தும் இருக்கிறது. அவ்வளவு தூரத்திலிருந்து வாசகர்கள் வருகிறார்கள்.

கடைசி ஏற்றத்தில் டாப் விதென்ஸ்: கூரையில்லாத பண்ணை வீடு. நாவலின் பெயரிலுள்ள வீடு இதுதான் என்று ஊர் சொல்லும். சுவரில் ப்ரான்டே சங்கம் 1964இல் பதித்த பலகையோ, இந்தக் கட்டடம் முழுதாக இருந்தபோதும் எமிலி வருணித்த வீட்டைப்போல இல்லை, அமைவிடம் மட்டும் அவர் மனத்தில் இருந்திருக்கலாம் என்கிறது. சுற்றுலாத் தலத்தில் இப்படியொரு நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. அங்கே நின்றால் அது சரி என்றும் படுகிறது. வீட்டைக் கற்பனையில் கட்டிவிடலாம். இந்தக் காற்றை வாங்கித்தான் எழுத முடியும்.

நாவலில் அந்த வீட்டுக்கும் அதன் அண்டை வீட்டுக்கும் இடையே நான்கு மைல். பனியில் அந்தத் தூரத்தைக் கடக்கும் கதைசொல்லி லாக்வுட் வழிதவறிக் கழுத்தளவு புதைகிறான். நாற்காலியில் இருந்து படித்தபோது, நகரத்தானின் மிகைப்பேச்சு என்று நினைத்தேன். ஹாவர்த்திலிருந்து இங்கே வரையும் ஏறத்தாழ அதே தூரம்தான். நல்ல வெயில் நாளில், ஒழுங்கான பாதையில், நீர் புகாத பூட்ஸோடு நடந்தே மூச்சு வாங்கியது. லாக்வுட்டை இப்போது நான் முழுக்க நம்புகிறேன்.