காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனம் தேவை!

நான்கு நாள் கடுங்காய்ச்சல். ஐந்தாம் நாள் காலையில் குழந்தையின் உடம்பு குளிர்ந்துவிட்டது. "அப்பாடா, காய்ச்சல் விட்டது" என்று தாய் பெருமூச்சு விடுகிறாள்.

ஆனால், வந்தது டெங்குக் காய்ச்சலாக இருந்தால், அன்றுதான் குழந்தையைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்!

மணிலா முதல் டெல்லி வரை

டெங்கு பழைய நோய். ரத்தக் கசிவு உண்டாக்கும் அதன் கொடிய வடிவம் 1953-54-ல் பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலா நகரில் குழந்தைகளிடம் தெரியவந்தது. 1958-ல் பாங்காக்கிலும், 1963-ல் கல்கத்தாவிலும், 1996-ல் டெல்லியிலும் பரவியது.

பாங்காக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சுசித்ரா நிம்மன்னித்யா என்ற பெண் டாக்டர், இந்தக் குழந்தைகளைப் பல ஆண்டுகள் கவனித்தார். உலக சுகாதார நிறுவனம் 1975-ல் வகுத்த சிகிச்சை முறைக்குப் பெரும்பாலும் அவர் கண்டவையே அடிப்படை.

இருதயத்துக்கு என்ன ஆகிறது?

கிணற்றில் தண்ணீர் இருந்தால்தானே பம்பு இறைக்கும்? இருதயமும் ஒரு பம்புதான்.

காய்ச்சல் இறங்கும் சமயத்தில் ரத்தக் குழாய்களின் சுவர் சல்லடைபோல் ஆகிவிடுகிறது. ரத்தத்தில் உள்ள நீர் நெஞ்சிலும் வயிற்றிலும் கசிகிறது. ரத்தம் கெட்டிப்படுகிறது. இறைக்கப் போதிய ரத்தம் இல்லாமல் இருதயம் படபடவென்று துடிக்கிறது. இந்தக் கசிவு ஓரிரு நாள் நீடிக்கும்.

சில குழந்தைகளுக்குப் பம்பே தளர்ந்துவிடும். இருதயத் தசை சோர்ந்துபோகும். தேறி வரும் நாட்களில் நாடி மெதுவாக ஓடலாம். இ.சி.ஜி., எக்கோ சோதனைகளில் இது தெரியும். பயப்பட வேண்டாம். பெரும்பாலான குழந்தைகளுக்குத் தானாகவே சரியாகிவிடும். மிகச் சிலருக்கே உயிருக்கு ஆபத்து.

அளவு முக்கியம்

கசிந்த நீருக்கு ஈடாக டாக்டர்கள் சலைன் ஏற்றுகிறார்கள். குறைந்தால் ரத்த ஓட்டம் தளரும். மிஞ்சினால்? கசிந்த நீர் பிறகு ரத்தத்துக்கே திரும்பும். இரண்டும் சேர்ந்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். சோர்ந்த இருதயம் அந்தச் சுமையைத் தாங்காது. ஆகவே, "இன்னொரு பாட்டில் ஏற்றுங்கள்" என்று டாக்டரை வற்புறுத்தாதீர்கள்.

தாய்மார்கள் கவனிக்க

கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, கை கால் சில்லிடுதல், மூச்சிரைப்பு, ஈறில் ரத்தம், சிறுநீர் குறைதல், குழந்தை துவண்டுபோதல்: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள். ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. அது ரத்தக் கசிவை அதிகமாக்கும்.

காய்ச்சல் விட்டதும் பள்ளிக்கூடம் அனுப்ப அவசரம் வேண்டாம். டாக்டரிடம் ஒரு முறை காட்டுங்கள். நாடி சரியாக ஓடுகிறது என்று அவர் சொல்லட்டும். பிறகு பையைத் தோளில் மாட்டிவிடலாம்!