மீந்த பெயிண்ட்டை என்ன செய்வது?

பொங்கலுக்கு முன்பும் கோடை விடுமுறையிலும் பெயிண்ட் வேலை முடிந்ததும் கால் டப்பா, அரை டப்பா மீந்துவிடுகிறது. அதை வாசல் கால்வாயில் ஊற்றி, பிரஷ்ஷையும் அங்கேயே கழுவிவிடுவது நம் தாம்பரம் பக்கத்தில் பல இடங்களில் சாதாரணம். பள்ளிகளும் இதற்கு விலக்கல்ல.

சிட்லபாக்கத்தில் ஊற்றியது சிட்லபாக்கத்தோடு நிற்பதில்லை. அந்த ஏரி நிரம்பினால் செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிக்கு ஏரி வழிந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேரும். 2022இல் ராம்சார் தகுதி பெற்ற நிலம் அது. இந்த நீர்வழியை வகுப்பில் வரைபடமாகப் போட்டாலே மாணவர்களுக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும்.

சுவருக்கு அடிக்கும் எமல்ஷன், டிஸ்டம்பர் இரண்டும் தண்ணீரில் கரைப்பவை. தண்ணீர் ஆவியானால் இறுகிவிடும். கொஞ்சம்தான் மீதி என்றால், பழைய செய்தித்தாளில் மெல்லிய பூச்சாகப் பூசியோ, மணலோ மரத்தூளோ கலந்தோ, பிள்ளைகள் கை படாத காற்றோட்டமான இடத்தில் காயவிடலாம். நிறைய இருந்தால் காய வைப்பது வீண். கழிப்பறைச் சுவருக்கோ பக்கத்து வீட்டுக்கோ பயன்படட்டும்.

கதவு, ஜன்னல் கம்பிக்கு அடிக்கும் எனாமல் வேறு வகை. அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து இறுகுகிறது. அப்போது வெப்பம் வெளிப்படும். எண்ணெய்ப் பெயிண்ட் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டால் தானாகவே தீப்பற்றக்கூடும் என்பது இதனால்தான். துணியை விரித்துக் காயவிட வேண்டும். எனாமலையும் தின்னரையும் ஊற்றவும் கூடாது, எரிக்கவும் கூடாது. மூடியை இறுக்கித் தனியே வைக்க வேண்டும்.

பழைய டப்பாக்களில் கூடுதல் கவனம் தேவை. வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்ட்டில், குறிப்பாக மஞ்சள், சிவப்பு எனாமலில், ஈயம் அதிகம் இருந்திருக்கலாம். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். பழைய ஊஞ்சல், சறுக்குமரத்தில் பெயிண்ட் உரிந்திருந்தால் உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க விடாதீர்கள். அந்தத் தூசிதான் பிள்ளைகளின் கைவழியே வாய்க்குப் போகும்.

காலி டப்பாவைக் கழுவித் தண்ணீர் வாளியாக்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே பெயிண்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பா, குழல்விளக்கு, பேட்டரி எல்லாம் 'வீட்டு அபாயக் கழிவு' என்று சேர்க்கப்பட்டுவிட்டன. பெயிண்ட் காய்ந்திருந்தாலும் டப்பா அந்தப் பிரிவுதான்.

இவற்றைப் பெற 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் என்றும் அந்த விதிகள் கூறின. 5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் இணைந்து 2021 நவம்பரில் உருவான தாம்பரம் மாநகராட்சியின் பரப்பு சுமார் 87 சதுர கிலோமீட்டர். எத்தனை மையம் வேண்டும் என்பது ஐந்தாம் வகுப்புக் கணக்கு. நம் பள்ளிக்கு அருகில் எங்கே ஒப்படைப்பது என்று கேட்டு மண்டல அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுவது தமிழ்ப் பாடத்துக்கு நல்ல பயிற்சி. பதில் வரும்வரை டப்பாக்கள் சமையற்கூடத்துக்குத் தள்ளி, பூட்டிய அறையில் இருக்கட்டும்.

அடுத்த முறை வாங்கும்போது, சுவரின் பரப்பை மாணவர்களே அளக்கட்டும். ஒரு லிட்டர் எத்தனை சதுர அடிக்கு வரும் என்பதைப் பெயிண்ட் கடையில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.