குளிர்ச்சி நிற்கும் நேரத்தைக் குறித்து வையுங்கள்

கோடையில் வாளையாறு எல்லையில் வாகன வரிசையில் நிற்கும்போது காரின் ஏசி குளிர்ச்சி குறைகிறது; பாலக்காடு நோக்கி நகர்ந்ததும் திரும்புகிறது. 'கேஸ் தீர்ந்துவிட்டது' என்று கருதிப் பலர் உடனே அதை நிரப்புகின்றனர். அந்த வாயு எரிபொருள் அன்று. மூடிய குழாய்களுக்குள் சுழல்வது. அது குறைந்திருப்பின் கசிவு உண்டு. கசிவை அடைக்காமல் நிரப்புவது வீண்செலவு.

விட்டுவிட்டு வரும் பழுதுக்கு, அது தோன்றும் சூழலே சான்று. வண்டி நிற்கும்போது மட்டும் குளிர்ச்சி குறைந்தால், முன்புறக் கண்டன்சர் விசிறியை முதலில் சோதிக்க வேண்டும். நெடும்பயணத்தில் காற்றின் வேகம் படிப்படியாகக் குறைந்து, ஏசியைச் சற்று நிறுத்தியபின் சீரானால், உட்புறக் குளிர்சுருளில் பனி உறைந்திருக்கலாம். அடைபட்ட கேபின் ஃபில்டரும் அதற்குக் காரணமாகும். தேனியிலிருந்து இடுக்கிக்கு ஏறும் போடிமெட்டு மலைச்சாலையில் சில நொடிகள் மட்டும் நின்றால், அது பழுதாக இல்லாமலும் இருக்கலாம்; எஞ்சினின் சுமையைக் குறைக்கப் பல கார்களில் கம்ப்ரசர் தானாகவே ஓய்வுபெறும். எஞ்சின் வெப்பமும் உயர்ந்தால் மட்டும் வண்டியை உடனே ஓரமாக நிறுத்துக.

இயந்திரப் பழுதும் தேய்மானமும் வழக்கமான வாகனக் காப்பீட்டில் அடங்கா. பெரும்பாலும் செலவு உரிமையாளருடையதே. ஆகவே குளிர்ச்சி நின்ற நேரம், வேகம், ஏற்றம், வெயில் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு பணிமனைக்குச் செல்லுங்கள். செலவு மதிப்பீட்டை எழுத்தில் பெற்ற பின்னரே பாகங்களை மாற்ற இசைவு தாருங்கள்.