பெருங்குடற் குருதிப்போக்கு மீளாமற் காத்தல்

நோய்களுட் சில வலியால் தம் வரவை முன்னறிவிக்கும். சில யாதொரு வலியுமின்றித் திடீரெனத் தோன்றும். பெருங்குடற் பைகளினின்று பெருகும் குருதிப்போக்கு இரண்டாம் வகையினது.

பெருங்குடலின் தசைச்சுவரை ஊடுருவி நுண்ணிய குருதிக்குழாய்கள் உட்செல்கின்றன. அவை நுழையுமிடம் சுவரின் மெலிந்த இடமாம். முதுமை வரவர அவ்விடத்தே உட்சவ்வு வெளிநோக்கிப் பிதுங்கிச் சிறு பைகளாகின்றது. பையின்மேற் படர்ந்த குழாய் நாளடைவில் நலிந்து உடையின், குருதி மலவழியே மிகுதியாய் வெளிப்படும்.

ஏறத்தாழ நால்வருள் மூவர்க்கு இக்குருதி தானே நின்றுவிடும். இடரும் அங்கேயே தொடங்குகின்றது. மூலநோயெனக் கருதி வாளாவிருப்பார் பலர். நின்றது மீண்டும் பெருகுதலுண்டு. முதியோர்க்கு அஃது உயிர்க்கே ஊறாம். ஆதலின் குருதி கண்ட அன்றே மருத்துவமனையை நாடல் வேண்டும். மருத்துவர் குடலுள் நோக்குங் கருவியைச் செலுத்திக் கசியும் பையைக் கண்டால், சிறு கவ்வியாலோ ரப்பர் வளையத்தாலோ இறுக்கி அடைப்பர்.

மீளாமற் காத்தற்குத் தலையாய வழி யாது? வலி மாத்திரைகளைக் கைவிடலே. நம் கணபதியின் பட்டறைகளிலும் வார்ப்படச் சாலைகளிலும் முதுகொடிய உழைப்பார், டைக்லோபினாக், ஐபுபுரூபன் முதலியவற்றைத் தாமே வாங்கி விழுங்குதல் அரிதன்று. இவை குருதி உறைதலைத் தளர்த்துவதோடு குடலின் காப்புப் படலத்தையும் நலிவிக்கும்.

ஆஸ்பிரினின் நிலை வேறு. மாரடைப்புற்றோரும் இதயக்குழாயில் ஸ்டென்ட் பொருத்தப்பெற்றோரும் அதனைத் தாமே நிறுத்தலாகாது. நிறுத்தின், குடலைக் காக்கப்போய் இதயத்தை இழக்க நேரும். அத்தகையோர் அதனைத் தொடர்க என்றும், இதயநோய் இன்றி முன்காப்பாக மட்டும் உண்போர் விடுதல் நன்றென்றும் அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவர் கழகம் 2023-இல் நெறி வகுத்துள்ளது.

உணவைப்பற்றியும் ஓர் அச்சம் உண்டு. கொட்டையும் தானியமும் பையிற் சிக்கிக் குருதி வரச்செய்யும் என்பர். 47,228 அமெரிக்க ஆடவரைப் பதினெட்டாண்டு கவனித்து 2008-இல் வெளியான ஆராய்ச்சி, அவற்றை உண்டமையால் குருதிப்போக்கு மிகவில்லையெனக் காட்டிற்று. எனவே கடலைக்கும் மக்காச்சோளத்திற்கும் அஞ்சவேண்டா. நார்ச்சத்துக் குறைவே இப்பைகட்குக் காரணமென 1971-இல் பெயின்டர், பர்க்கிட் என்னும் மருத்துவர் இருவர் எழுதினர். கொங்கு நாட்டின் கம்பும் சோளமும் ராகியும் கொள்ளும் அச்சத்தை நிரம்பத் தருவன. எனினும் வந்த குருதிப்போக்கை நாருணவு ஒன்றே தடுக்குமென நம்பி, ஏனைய காப்புகளை விடலாகாது.

ஆதலின் நண்பர்காள்! நம் இல்லத்து முதியோர்க்கு ஒருமுறை குருதி கண்டு நின்றதாயின், அவர் உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் திரட்டி மருத்துவர்க்குக் காட்டுவோமாக. கற்ற நம்மால் எளிதில் இயல்வதோர் உதவி அதுவே.