படிப்பும் பிழைப்பும் சேரும் இடம்



ஒரு பிள்ளையின் படிப்புக்கு உதவி கேட்டு வரும் கடிதங்கள் நம் சபைகளுக்குக் குறைவின்றி வருகின்றன. நீங்களும் மனமுவந்து கொடுத்து வருகிறீர்கள். கொடுக்கும்போது இன்னொன்றையும் கேட்டறிவது நல்லது: படிப்பு முடிந்த மறுநாள் அந்தப் பிள்ளை எங்கே நிற்கும்? சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டு, அதற்குத் தொடர்பில்லாத ஏதோ ஒரு கடையில் பில் போடப் போகும் பிள்ளைகள் நம் காரைக்குடிச் சுற்றுவட்டாரத்திலும் உண்டு. வேலையோடு சேர்த்துக் கற்பிக்கும் பயிற்சி எப்படி அமைந்தால் பலன் தரும் என்பதை, நம் பக்கத்திலுள்ள குன்றக்குடியையும் வேலூரையும் சான்றாகக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் செல்லும் சாலையில் ஏறத்தாழ 10 கிலோமீட்டரில் உள்ள குன்றக்குடியை முருகன் மலைக்கோயிலால் அனைவரும் அறிவர். அங்குள்ள ஆதீனத்தின் தலைவராக இருந்த தவத்திரு குன்றக்குடி அடிகளார் (1925–1995), 1970களின் பிற்பகுதியில் ஊராரைக் கூட்டிக் கிராமத் திட்டம் ஒன்றை வகுத்தார். காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகளின் உதவியையும் நாடினார். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் இங்கு வந்த நிலையம் அது. ஆராய்ச்சிக்கூடத்தின் அறிவு மதில் சுவருக்குள் நின்றுவிடாமல், ஊரில் உள்ளவனின் கைத்தொழிலாக வேண்டும் என்பதே அடிகளாரின் நோக்கம். 'குன்றக்குடி மாதிரி' என்று அது வெளியூர்களிலும் பேசப்பட்டது.

அதே குன்றக்குடியில் இன்று வேளாண் அறிவியல் நிலையம் (கிருஷி விக்யான் கேந்திரா) இயங்குகிறது. இவ்வகை நிலையங்களில் முதலாவது 1974இல் புதுச்சேரியில் தொடங்கியது. இப்போது நாடெங்கும் 700க்கு மேல் உள்ளன. செய்து காட்டுவது, செய்ய வைத்துப் பழக்குவது: இதுவே அவற்றின் முறை. முதலில் அந்த வட்டாரத்தின் மண் என்ன, நீர் எவ்வளவு, எதில் வருமானம் வரும் என்று பார்க்கிறார்கள். பாடம் அதற்குப் பிறகுதான் வகுக்கப்படுகிறது. முதல் விதி இதுவே: வேலையிலிருந்து பாடத்துக்கு வர வேண்டும். பாடத்தை முதலில் வகுத்துவிட்டுப் பிறகு வேலையைத் தேடினால் பிள்ளைதான் தவிக்கும்.

இரண்டாவது விதியை மருத்துவமனைகள் நன்கு அறியும். டாக்டர் ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் சிறிய அளவில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1909இல் அங்கே நர்சுகளுக்கான பயிற்சிப் பள்ளி ஏற்பட்டது. 1946இல் அது பட்டம் தரும் கல்லூரியாக உயர்ந்தது. இந்த வளர்ச்சிக்கெல்லாம் அடிப்படை, நோயாளியின் கட்டிலருகே கற்ற பாடம். இரத்த அழுத்தம் பார்ப்பதை ஒரே நாளில் வகுப்பில் சொல்லிக் கொடுத்துவிடலாம். ஆனால் கைப்பட்டை சிறிதானால் அளவு கூடுதலாகக் காட்டும், பெரிதானால் குறைத்துக் காட்டும், மாடிப்படி ஏறி வந்தவரைச் சற்று உட்கார வைத்த பிறகே பார்க்க வேண்டும் என்பவை வார்டில் மூத்த நர்ஸ் அருகில் நின்று திருத்தும்போதுதான் மனதில் பதியும்.

அப்படித் திருத்துவதற்கு மூத்தவருக்கு நேரம் வேண்டும். தம்முடைய முழு வேலையையும் செய்துகொண்டு, போகிற போக்கில் கற்றுக்கொடுக்கச் சொன்னால் இரண்டுமே கெடும். இங்கே ஒரு சோதனையும் உண்டு. ஆள் குறைவாக இருக்கும் இடத்தில், படிக்க வந்தவரையே சம்பளமில்லாத வேலையாளாக வைத்துக்கொள்ளத் தோன்றும். ஆறு மாதமாகப் படுக்கை விரிப்பை மட்டும் மாற்றிய பெண் ஆறு மாதம் படித்தவளாகமாட்டாள். ஆகவே எந்த மாதத்தில் எந்த வேலையைக் கற்க வேண்டும், யார் அதைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று எழுதி வைத்த குறிப்பேடு அவசியம்.

மூன்றாவது விதி, கற்றதற்கு வெளியே மதிப்பு இருக்க வேண்டும். ஜெர்மனியில் தொழில் பழகும் பிள்ளைகள் வாரத்தில் ஓரிரு நாள் பள்ளியிலும் மற்ற நாட்களில் நிறுவனத்திலும் கற்கிறார்கள். முடிவில் எழுதும் தேர்வு நாடு முழுவதும் செல்லும். நம் நாட்டில் 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தத்தையும் உதவித்தொகையையும் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டில் 1978இல் பிளஸ் டூ வந்தபோதே தொழிற்பிரிவும் சேர்ந்து வந்தது. 2022இல் மாநில அரசு 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கியது. நர்சிங் படிப்புக்கு நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரம் வேண்டும். ஆய்வுக்கூடப் பணியாளர் போன்ற துணை மருத்துவப் பணியினருக்கென 2021இல் தனிச் சட்டமே நிறைவேறியது.

இருந்தும், அங்கீகாரம் இல்லாத 'நர்சிங் டிப்ளமோ' விளம்பரங்கள் பஸ் நிலையச் சுவர்களில் ஒட்டப்படுகின்றன. தாயின் நகையை அடகு வைத்து இரண்டு வருடம் அங்கே படித்த பெண், நர்சாகப் பதிவு செய்யவும் முடியாது, அரசு வேலைக்கு விண்ணப்பிக்கவும் முடியாது. நகையையாவது மீட்கலாம், போன இரண்டு வருடத்தை மீட்க முடியாது.

ஆகையால், ஒரு பயிற்சித் திட்டத்துக்கோ ஒரு பிள்ளையின் படிப்புக்கோ கொடுக்குமுன் இந்த நான்கு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்:

1. இந்தப் பயிற்சி எந்த வேலைக்கு? அந்த வேலை இந்த வட்டாரத்தில் இருக்கிறதா?

2. வேலையிடத்தில் கற்றுக்கொடுப்பவர் யார்? அதற்கென அவருக்கு நேரம் ஒதுக்கப்பட்டுள்ளதா?

3. பயிலும் காலத்தில் பஸ் கட்டணத்துக்கும் சாப்பாட்டுக்கும் வழி என்ன? ஏழைப் பிள்ளைகள் பாதியில் நின்றுபோவது பெரும்பாலும் இதனால்தான்.

4. சான்றிதழை வழங்குவது யார்? அரசோ உரிய கவுன்சிலோ அதை ஏற்கிறதா?

இந்தக் கேள்விகளை எங்களிடமும் கேளுங்கள். கேட்பதால் எங்கள் மேல் நம்பிக்கை இல்லை என்று நாங்கள் எண்ணமாட்டோம். நீங்கள் கொடுக்கும் காணிக்கையைவிட ஓர் இளம் பிள்ளையின் இரண்டு வருடம் விலையேறப்பெற்றது. அது வீணாகாமல் காப்பதிலும் உங்களுக்குப் பங்கு உண்டு.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனை ஆயர்