தூபிகளின் ஊர்கள் – 7: செங்கல் மலையும் ஒரு பங்காளிச் சண்டையும்

பொசன் போயா என்னும் பௌர்ணமித் திருநாளுக்கு அநுராதபுரம் போகிறவருக்குச் சாப்பாட்டுக் கவலை இல்லை. வழிநெடுகத் தன்சல் பந்தல்கள். யார், எந்த ஊர் என்று கேட்காமல் சோறு போடுவார்கள். வெயில்தான் சோதனை. செருப்பைக் கழற்றிவிட்டு உச்சிவேளையில் தூபியின் கல்தளத்தைச் சுற்றிவருவது தனித் தவம். விவரம் தெரிந்த வெளியூர்க்காரர்கள் காலுறை போட்டுக்கொண்டு வருகிறார்கள்.

வெள்ளுடைக் கூட்டம் முழுக்க மகா போதி மரத்துக்கும் ருவன்வெலிசாயவுக்கும் போகும். சுண்ணாம்பு பூசி வெள்ளைவெளேரென நிற்கும் ருவன்வெலிசாயவுக்கு எதிரில் ஜேதவனத் தூபி பரட்டைத்தலைப் பிள்ளை. பூச்சு இல்லை, முனை முறிந்திருக்கிறது. ஆனால் நின்று பார்க்க வேண்டியது இதைத்தான்.

இப்போதைய உயரம் சுமார் 71 மீட்டர். கட்டியபோது ஏறத்தாழ 122. கீஸாவின் இரண்டு பிரமிடுகளை விட்டால், அன்றைய உலகில் இதைவிட உயர்ந்த கட்டடம் இல்லை. செங்கற்கள் மட்டும் 9 கோடியைத் தாண்டும் என்பது கணக்கு. 19ஆம் நூற்றாண்டில் இலங்கையில் அதிகாரியாக இருந்த எமர்சன் டென்னண்ட், இதை வைத்து லண்டனிலிருந்து எடின்பரோ வரை பத்தடி உயர மதில் எழுப்பலாம் என்று கணக்குப் போட்டார். வேடிக்கை என்னவென்றால், அந்தக் காலத்தில் ஜேதவனத்தையும் இதே ஊரின் இன்னொரு தூபியான அபயகிரியையும் ஒன்றுக்கொன்று பெயர் மாற்றித்தான் அழைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஜேதவனத்தைக் கட்டவைத்தது பக்தி பாதி, பகை பாதி.

பகை இரண்டு மடங்களுக்கிடையில். பழைய மடம் மகாவிகாரை. தேரவாதத்தில் இம்மியும் நகராதது. அபயகிரி மடமோ மகாயானத்துக்கும் கதவைத் திறந்து வைத்திருந்தது. மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரியணை ஏறிய மகாசேனன், சோழ நாட்டிலிருந்து வந்த சங்கமித்திரர் என்ற பிக்குவின் பேச்சைக் கேட்டான். (போதிக் கிளையோடு வந்த அசோகனின் மகள் சங்கமித்தை வேறு.) மகாவிகாரைத் துறவிகளுக்குப் பிச்சையிட்டால் அபராதம் என்று ஆணை பிறந்தது. அவர்கள் ஊரைவிட்டே போனார்கள். ஒன்பது வருடம் மடம் காலி. கட்டடங்களை இடித்து, பொருள்களை அபயகிரிக்குக் கொண்டுபோனார்கள். கடைசியில் அரசியின் ஏவலில் சங்கமித்திரர் கொல்லப்பட்டார். அரசனோ, மகாவிகாரையின் எல்லைக்குள்ளேயே ஜேதவனத்தை எழுப்பினான். இத்தனையும் சொல்வது மகாவம்சம். அதை எழுதியவர்கள் மகாவிகாரைக்காரர்கள் என்பதை மறக்கக்கூடாது. அபயகிரியின் தரப்பு வாதம் நம் கைக்கு வரவில்லை.

நூறாண்டுக்குப் பின் சீனத்துத் துறவி பாஹியான் வந்தபோது அபயகிரியில் 5,000 துறவிகள், மகாவிகாரையில் 3,000 பேர் என்று எழுதி வைத்தார். அபயகிரியில் புத்தர் சிலைக்கு முன்னால் ஒரு வணிகர் காணிக்கையாக வைத்த வெண்பட்டு விசிறி அவர் கண்ணில் பட்டது. சீனத்து விசிறி. வீட்டைவிட்டு வந்து வருடக்கணக்காகிவிட்ட அந்தப் பெரியவர் அழுதுவிட்டார்.

நகரின் மேற்கே காட்டுப் பக்கம் மூன்றாவதொரு கூட்டம் இருந்தது: பிணத்துணி உடுத்தும் கடுந்துறவிகள். அவர்களுடைய மடத்தில் ஒரு பூவேலைப்பாடு கிடையாது, எல்லாம் மொட்டைக் கல். ஒன்றைத் தவிர. தொல்லியல் அருங்காட்சியகத்தில் அதைப் பார்க்கலாம். பாதம் வைக்க இரு மேடை, நடுவே துளை, மாளிகை முகப்பைப் போல நுணுக்கமாகச் செதுக்கிய கல். அது அவர்களுடைய சிறுநீர்க் கல். பணக்கார மடங்களின் ஆடம்பரத்தைப் பற்றி அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு இதைத்தான் ஆய்வாளர் சிலர் சாட்சியாகக் காட்டுகிறார்கள்.

(அடுத்த வாரம்: மிகிந்தலைப் படிகள்)