பதிமூன்று வயதில் மண்டைக்குள் என்ன நடக்கிறது?

பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டங்களில் ஆறாம் ஆண்டோடு தமிழ்ப்பள்ளி முடிகிறது. அடுத்த ஆண்டு பிள்ளை பஸ் ஏறி இடைநிலைப்பள்ளிக்குப் போகிறது. பாட மொழி மாறுகிறது, கூட்டாளிகள் மாறுகிறார்கள், பல பிள்ளைகளுக்கு உடம்பும் அந்தச் சமயத்தில்தான் மாறுகிறது. "பிள்ளை முன்ன மாதிரி இல்ல" என்று அம்மா சொல்வதில் தப்பில்லை.

ஆறு வயதிலேயே மூளை ஏறக்குறைய முழு அளவுக்கு வளர்ந்துவிடும். பிறகு நடப்பது கழிப்பு வேலை. செம்பனையில் கீழ் ஓலையை வெட்டுவதுபோல, பயன்படாத நரம்பு இணைப்புகளை மூளை கழித்துவிட்டு, மற்றவற்றைப் பலப்படுத்தும். உணர்ச்சியையும் ஆசையையும் கிளப்பும் பகுதிகள் முந்திக்கொள்ளும். நெற்றிக்குப் பின்னால் இருந்து பிரேக் போடும் பகுதி, இருபது வயதைத் தாண்டித்தான் முழுமையடையும்.

இந்த வயதில் கூட்டாளிகள்தான் உலகம். 2005-இல் அமெரிக்க உளவியலாளர் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் மார்கோ கார்ட்னரும் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றை வைத்துச் சோதித்தார்கள். கூட்டாளிகள் பக்கத்தில் இருந்தபோது பதின்ம வயதினர் அதிகம் துணிந்தார்கள். பெரியவர்களிடம் அந்த வேறுபாடு தெரியவில்லை. செம்மண் சாலையில் மூன்று பேர் ஒரே மோட்டார் சைக்கிளில் பறப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

சரி, ஒரு பையன் "நான் பொண்ணு" என்கிறான். "மூளை இன்னும் முதிரல, வயசுக் கோளாறு" என்று தள்ளிவிடலாமா? கணக்கு இடிக்கிறது. தான் ஆணா பெண்ணா என்ற உணர்வைப் பெரும்பாலான பிள்ளைகள் மூன்று வயதிலேயே சொல்லிவிடுகிறார்கள். அது பிரேக்குக்காகக் காத்திருப்பதில்லை. மூளையை ஸ்கேன் எடுத்தும் விடை காண முடியாது. டெல் அவிவ் ஆய்வாளர் டாஃப்னா யோயல் குழு 2015-இல் 1,400-க்கும் மேற்பட்ட மூளைப் படங்களை அலசியது. பெரும்பாலானவை ஆண் தன்மை, பெண் தன்மை என்று சொல்லப்படுபவை இரண்டும் கலந்தவை.

சிலருக்கு இந்த உணர்வு நிலைக்கும், சிலருக்கு மாறும். பருவமாற்றத்தைத் தள்ளிப்போடும் மருந்து பற்றி மருத்துவர்களுக்குள்ளேயே வாதம் உண்டு. இங்கிலாந்து 2024-இல் அதை வழக்கமாகக் கொடுப்பதை நிறுத்தியது. ஆனால் வீட்டில் எழும் கேள்வி பெரும்பாலும் முடி, உடுப்பு, கூப்பிடும் பெயர் பற்றியது. இவற்றில் எதையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். உலகச் சுகாதார நிறுவனமும் இந்த உணர்வை மனநோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. 2022 முதல் அது நடப்பில் இருக்கிறது.

எனக்குப் பெரிய கவலை பஸ்ஸில் விழும் "பொண்டான்" என்ற கேலிச் சொல்தான். கூட்டாளிகளே உலகமாக இருக்கும் மூளையில் அது பெரியவர்களுக்கு வலிப்பதைவிட ஆழமாக இறங்கும். அன்று சாயங்காலம் பிள்ளை சோறு வேண்டாம் என்றால், முதலில் பஸ்ஸில் என்ன நடந்தது என்று கேளுங்கள். வீட்டில் பேச முடியாத பிள்ளைக்குத் தாலியான் காசே உதவி எண் 15999 இருக்கிறது, இரவிலும் எடுப்பார்கள்.